ஐவி லீக் விண்ணப்பம்: எதற்கு நேரம் கொடுப்பது, எதற்குப் பணம் கொடுக்காமல் இருப்பது

ஐவி லீக் எனப்படும் எட்டுப் பழைய அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஹார்வர்டின் சேர்க்கை முறை பற்றிய வழக்கில் பாஸ்டன் ஃபெடரல் நீதிமன்றம் 2019-ல் கொடுத்த தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. ஓர் ஆண்டில் சுமார் 35,000 பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களில் 8,000 பேருக்கு மேல் பள்ளியில் முழு ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் முழுச் சராசரி. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் 3,400 பேர். மொழிப் பகுதியில் 2,700 பேர். இடம் கிடைத்ததோ 2,000 பேருக்கும் குறைவு. அதற்கப்புறம் விண்ணப்பிப்பவர்கள் இன்னும் பெருகிவிட்டார்கள். அதே வழக்கில் 2023-ல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆண்டுக்கு 60,000-க்கு மேல் என்கிறது. இடங்கள் அப்படிப் பெருகவில்லை.

நம்மில் பலர் வளர்ந்த முறை வேறு. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் சேர்த்து 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். 198.5 எடுத்தவர் 198 எடுத்தவருக்கு முன்னால் கவுன்சலிங்கில் உட்காருவார். ஐ.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. ரேங்க். கடுமையான முறைதான், ஆனால் வரிசை எங்கே ஆரம்பிக்கிறது, நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். அமெரிக்காவின் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகளில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. முழு மதிப்பெண் எடுத்தவரைத் தள்ளிவிட்டுக் குறைவாக எடுத்தவரை எடுப்பார்கள், அதில் விதிமீறல் எதுவும் இல்லை. இது புரியாமல்தான் நம் வீடுகளில் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எல்லாவற்றிலும் சேர்க்கப்பட்டு, எதிலும் மனம் ஊன்ற முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்து வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலையைச் செய்துவருகிறேன். அம்மாக்கள் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: "அண்ணா, இந்தச் சம்மர் அவளை எதில் போடலாம்? ரிசர்ச்சா, கேம்ப்பா, இல்ல மறுபடி எஸ்.ஏ.டி.யா?" இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் கொடுத்து வாங்கக்கூடியதை அடுத்த வீட்டிலும் வாங்குகிறார்கள், அதனால் அது பிள்ளையைத் தனியாகக் காட்டாது. கூட்டத்தில் தெரியவைப்பவை பெரும்பாலும் இலவசமானவை. ஆனால் அவற்றுக்கு வருடக்கணக்கில் நேரம் வேண்டும், பெற்றோருக்குப் பொறுமையும் வேண்டும்.

மதிப்பெண்ணை இன்னும் ஏற்றுவதா?

கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் 'காமன் டேட்டா செட்' என்ற படிவத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில் பாடங்களின் கடினம், ஜிபிஏ, தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வெளிச்செயல்பாடு, குணம், வேலை அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று அவர்களே குறித்திருப்பார்கள். எந்த ஆலோசகரிடமும் போவதற்கு முன் உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகளின் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள், காசில்லாமல் கிடைக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. அதில் 'மிக முக்கியம்' என்று குறிப்பது ஒன்றைத்தான்: விண்ணப்பிப்பவரின் குணமும் தனிப்பட்ட பண்புகளும். பாடங்களும் மதிப்பெண்ணும் 'முக்கியம்' என்ற அடுத்த படியில் நிற்கின்றன.

இதை வைத்து எம்.ஐ.டி.க்கு மதிப்பெண் பெரிதல்ல என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே சேர்ந்தவர்களில் நடுவில் நிற்கும் பாதிப் பேருடைய எஸ்.ஏ.டி. கணித மதிப்பெண் (முழு மதிப்பெண் 800) அண்மை ஆண்டுகளில் 780-க்கும் 800-க்கும் இடையில் இருக்கிறது. கொரோனா காலத்தில் தேர்வை விருப்பத்துக்கு விட்ட எம்.ஐ.டி. 2022-ல் அதை மறுபடி கட்டாயமாக்கியது. 2024-ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவையும் அந்த வழிக்குத் திரும்பின. மதிப்பெண் இல்லாவிட்டால் உள்ளே நுழைய முடியாது; நுழைந்தபின் அதை வைத்து வேறு எதுவும் நடக்காது. இதைப் புரிந்துகொண்டால் முடிவு எளிது. பிள்ளை மொத்தம் 1600-க்கு 1430 வாங்கியிருந்து, கணிதத்தில் எங்கே தடுமாறினான் என்பதும் தெரிந்தால், இரண்டு மாதம் உட்கார்ந்து படிப்பதில் அர்த்தம் இருக்கிறது. 1530 வாங்கியவனை 1570-க்காக மூன்றாவது முறை அனுப்புவதை நான் வன்மையாக மறுப்பேன். அந்த நாற்பது மதிப்பெண்ணுக்காக ஒரு கோடையை இழப்பது நியாயமில்லை.

டார்ட்மத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதன் பொருளாதாரப் பேராசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்று இங்கே முக்கியம். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் 1400 ஒட்டி வாங்கிய மதிப்பெண்ணைக் குறைவென்று எண்ணி அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். அனுப்பியிருந்தால் அது அவர்களுக்கு உதவியிருக்கும். ஒரே எண்ணை வசதியான புறநகர்ப் பள்ளியிலிருந்து வந்தால் ஒரு மாதிரியும், ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்களே அதிகம் இல்லாத பள்ளியிலிருந்து வந்தால் வேறு மாதிரியும் படிக்கிறார்கள். விண்ணப்பத்தோடு பள்ளியின் விவரக்குறிப்பும் போகிறது. உங்கள் பள்ளியில் இருபது ஏ.பி. இருந்து பிள்ளை நான்கு எடுத்திருந்தால் கேள்வி வரும். ஆறுதான் இருந்து நான்கு எடுத்திருந்தால் வராது.

கோடைக்கால முகாம்: கடினம் எதில்?

நம்மவர்கள் அதிகம் செலவழிப்பது இங்கேதான். பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் முகாம், ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம், முடிவில் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு சான்றிதழ். பிள்ளைக்கு நல்ல அனுபவமாக இருக்கலாம். விடுதியில் தனியாக இருந்து பழகுவதே ஒரு படிப்புதான். அதற்காக அனுப்புங்கள், சரி. விண்ணப்பத்துக்காக என்றால் வேண்டாம். இத்தகைய முகாம்களில் பலவற்றுக்குக் கட்டணம் கட்டத் தயாராக இருப்பதே முக்கியத் தகுதி, சேர்க்கை அதிகாரிகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் வேறு சில முகாம்கள் இருக்கின்றன. எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற ஆராய்ச்சி முகாமில் உலகம் முழுவதிலிருந்தும் சுமார் நூறு பேரைத்தான் எடுப்பார்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். டெல்யூரைடு அமைப்பு நடத்தும் கோடைக் கருத்தரங்கும் இலவசம். அங்கே இலக்கியம், வரலாறு, சமூகம் சார்ந்த வாசிப்பும் விவாதமும்தான் வேலை. பாஸ்டனில் நடக்கும் ப்ராமிஸ், ஒஹாயோவில் நடக்கும் ராஸ் ஆகிய கணித முகாம்களுக்குக் கட்டணம் உண்டு, நிதியுதவியும் உண்டு. ஆனால் அவற்றில் சேர ஒரு கணக்குத் தாளைத் தீர்த்து அனுப்ப வேண்டும். விடை தெரிந்தால் போதாது, எப்படி யோசித்தோம் என்று எழுத வேண்டும். அந்தத் தாளை மூன்று வாரம் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் பிள்ளை, இடம் கிடைக்காமல் போனாலும் ஏதோ ஒன்றைக் கற்றிருப்பாள். முகாமை எடைபோட ஒரு கேள்வி போதும்: சேர்வது கடினமா, கட்டணம் கட்டுவது கடினமா?

இந்த இரண்டுக்கும் நடுவில், அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) பெரும்பாலும் பாடக் கட்டணம் இல்லாமலே படிக்கலாம். பள்ளியில் கால்குலஸ் முடித்தவன் கோடையில் அங்கே லீனியர் அல்ஜீப்ரா எடுக்கட்டும். வேலை முடித்து மாலையில் படிக்க வரும் முப்பது வயதுக்காரர்களோடு உட்கார்ந்து, உண்மையான கல்லூரிப் பாடத்தில், உண்மையான கிரேடு வாங்குவான். முத்திரை போட்ட சான்றிதழை விட அந்த ஒரு வரி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கிரேடு பட்டியலில், கனமாக இருக்கும்.

காசு கொடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. முனைவர் பட்டம் படிக்கும் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்துக் கொடுத்து, கட்டுரையை ஏதாவது ஓர் இணைய இதழில் போட்டுத் தருகிறார்கள். 2023-ல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் இதை விரிவாகத் தோண்டி எழுதியது. பிள்ளைக்கு அந்தத் துறையில் உண்மையான ஆர்வம் இருந்தால், அருகில் உள்ள கல்லூரிப் பேராசிரியர்களுக்கு, அவர்களுடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் பதில் போட மாட்டார்கள். பதில் போடுபவர் சோதனைக் குழாய் கழுவும் வேலையைத்தான் முதலில் தருவார். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவளுக்கு அவர் எழுதும் கடிதம், வாங்கிய கட்டுரையை விட எவ்வளவோ மேல்.

பத்துக் கட்டங்களை நிரப்புவதா, ஒன்றில் ஆழப் போவதா?

பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. எந்தெந்த வகுப்பில் செய்தாய், வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். பத்தையும் நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் பதினொன்றாம் வகுப்பில் நான்கு கிளப்பில் சேர்ந்த பிள்ளையின் படிவம் அந்த எண்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். எம்.ஐ.டி. தன் சொந்த விண்ணப்பத்தில் நான்கு செயல்பாடுகளை மட்டும்தான் கேட்கிறது. அதுவே போதுமான குறிப்பு.

150 எழுத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்பார்கள். தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்த ஒருத்தி முதலில் எழுதியது இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "இளம் மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தேன், தலைமைப் பண்பும் தொடர்புத் திறனும் வளர்ந்தன." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இன்னொரு விதம்: "6 வயதுப் பிள்ளைகள் 11 பேர், ழகரத்துக்கு விளையாட்டு அட்டைகள் செய்தேன், இப்போது மற்ற 3 வகுப்புகளிலும் அவை." அதே பிள்ளை, அதே ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவதைப் படிப்பவருக்கு ஒரு வகுப்பறை தெரிகிறது, ஒரு சிக்கல் தெரிகிறது, அதற்கு அவள் செய்தது தெரிகிறது, அவள் செய்தது மற்றவர்களுக்கும் பயன்பட்டது தெரிகிறது. அலங்காரத்தால் இது வராது. ழகர அட்டையை உண்மையில் செய்தவளால்தான் எழுத முடியும்.

அரங்கேற்றம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் பலர் பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் அரங்கேற்றம் செய்கிறார்கள். மண்டபம், பக்கவாத்தியம், நகை, சாப்பாடு என்று பெரும் செலவு. "இது அப்ளிகேஷனுக்கு உதவுமா?" என்று கேட்கிறார்கள். இந்தியர்கள் நிறைந்த பகுதியின் விண்ணப்பங்களைப் படிக்கும் அதிகாரிக்கு அரங்கேற்றம் புதிதல்ல, அந்த ஒரு மாலை அவரை நிறுத்தாது. பத்து வருடப் பயிற்சி நிறுத்தும், அதற்குப் பின் என்ன நடந்தது என்பதும் நிறுத்தும். அரங்கேற்றத்தோடு சலங்கையைக் கழற்றி வைத்தவளும், அதன் பிறகு குருவின் சின்ன வகுப்புக்கு அடவு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பவளும் படிவத்தில் வேறு வேறு ஆட்கள். ஆடப் பிடித்தால் ஆடட்டும், கல்லூரிக்காக ஆட வைக்காதீர்கள்.

அடுத்தது என்.ஜி.ஓ. தொடங்கும் மோகம். பதினாறு வயதில் 'நிறுவனர், தலைவர்'. இணையதளம் ஒன்று, சமூக ஊடகப் பக்கம் ஒன்று, ஆண்டுக்கு ஒரு நன்கொடை நிகழ்ச்சி. இதைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்வதில்லை. ஆனால் இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் ஃபுட் பேங்க் ஊரில் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக ஒன்றைத் தொடங்கி மூன்று பேரோடு நடத்துவதை விட, அந்த ஃபுட் பேங்க்கில் மூன்று வருடம் சனிக்கிழமை காலை பெட்டி அடுக்கி, பிறகு அங்கே ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவுவது எவ்வளவோ பயனுள்ளது. ஒலிம்பியாடு மாதிரியான போட்டிகள் வேறு கதை. ஏ.எம்.சி., எய்ம் என்ற கணிதப் போட்டிகளைத் தாண்டி யு.எஸ்.ஏ.எம்.ஓ. என்ற தேசியக் கணித ஒலிம்பியாடு வரை போனவர்களை எல்லாப் பெரிய கல்லூரிகளும் திரும்பிப் பார்க்கும்தான், ஆனால் அது ஆறாம் ஏழாம் வகுப்பிலிருந்தே கணக்கில் கிடந்து புரண்டவர்களின் வழி. பதினொன்றாம் வகுப்பில் விண்ணப்பத்துக்காக ஆரம்பித்துக் கிடைப்பதல்ல.

வீட்டு வேலையும் சம்பள வேலையும்

நம் குடும்பங்கள் முழுதாக மறந்துவிடுவது இதைத்தான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். ஹார்வர்டு வழக்கில் அவர்கள் விண்ணப்பம் படிக்கும் விதிமுறை வெளியே வந்தது. படிப்பு, வெளிச்செயல்பாடு, விளையாட்டு, தனிப்பண்பு என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள், 1 உச்சம். வெளிச்செயல்பாட்டில் 1 என்றால் தேசிய அளவிலான சாதனை. 2 என்றால் பள்ளி அளவில் வலுவான பங்களிப்பு. 5 என்ற எண்ணைப் பார்த்தால் மோசம் என்று தோன்றும், ஆனால் அது குடும்பப் பொறுப்புக்கும், பள்ளி நடக்கும்போதே செய்யும் சம்பள வேலைக்கும் ஒதுக்கிய குறியீடு. வழக்கமான கிளப்புகளில் இல்லாமல் வேறு பெரிய பொறுப்பில் இருந்தவர் என்று பொருள். அதைக் கணக்கில் எடுத்து மதிப்பை உயர்த்தவும் விதியில் இடம் இருக்கிறது. காமன் ஆப் பட்டியலிலும் 'குடும்பப் பொறுப்புகள்', 'சம்பள வேலை' என்று தனித்தனி வகை உண்டு. ஹார்வர்டு கல்வியியல் துறையிலிருந்து 2016-ல் வந்த ஓர் அறிக்கையும் குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகளின் உழைப்பைக் கல்லூரிகள் மதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

ஆனால் நம்மவர்கள் இதை எழுதவே மாட்டார்கள். வாரம் மூன்று நாள் தாத்தாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் அவருக்கும், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் டாக்டருக்கும் சொல்லி, மருந்து மாறும்போதெல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டவணையைத் திருத்தும் பையன், "எனக்கு எக்ஸ்ட்ரா கரிகுலர் ஒண்ணும் இல்ல, அங்கிள்" என்பான். அவன் அம்மாவும், "அது வீட்டு வேலைதானே, அதைப் போய் எப்படி எழுதுறது?" என்பார். எழுதுங்கள். வாரம் எத்தனை மணி, வருடம் எத்தனை வாரம் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கும் பிள்ளையும் எழுதட்டும். கடை முதலாளி பதினேழு வயதுக்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்றால், எந்த முகாமின் சான்றிதழை விடவும் அது அவளைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இதைப் பெற்றோர் தந்திரமாக மாற்றிவிடவும் கூடாது. கல்லூரிக்காகத் தாத்தாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் கல்லூரிக்காக முகாமுக்கு அனுப்புவதும் ஒன்றுதான். ஏற்கெனவே நடப்பதை மறைக்காமல் எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கட்டுரை: ஊர் போய்வந்த கதையும் வேறு கதைகளும்

காமன் ஆப் பொதுக் கட்டுரைக்கு 650 சொல் எல்லை. நான் படிப்பவற்றில் அடிக்கடி வருவது இந்தியப் பயணம். கோடையில் ஊருக்குப் போனேன், தெருவில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடினார்கள், எனக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று புரிந்தது, திரும்பி வந்து நன்றியோடு வாழ்கிறேன். எழுதிய பிள்ளை உண்மையாகவே அப்படி உணர்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் கட்டுரையில் ஊர் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை. எழுதியவனின் நெகிழ்ச்சிக்குப் பின்னணியாக நிற்கிறார்கள். இதே அமைப்பில் எத்தனையோ கட்டுரைகள் அதிகாரியின் மேசையில் இருக்கும்.

அதே பயணத்தை வேறு விதமாக எழுதிய பையன் ஒருவன் உண்டு. மாமாவின் தோட்டத்தில் இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும், அப்போது மோட்டார் போட வேண்டும். தூக்கம் கெட்ட மாமாவுக்காக ஒரு ஆப் செய்யப்போவதாக இவன் முடிவெடுத்து நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறான். ஐந்தாம் நாள் டவுனுக்குப் போனால் மோட்டார் கடையில் மொபைல் ஸ்டார்ட்டர் வரிசையாக அடுக்கியிருக்கிறது. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். "அப்ப ஏன் மாமா வாங்கல?" என்று கேட்டதற்கு மாமா சொன்ன பதில்தான் கட்டுரையின் பாதி: தண்ணீர் எந்த வாய்க்காலில் திரும்புகிறது என்று பார்க்க எப்படியும் எழுந்து போக வேண்டும், ஸ்டார்ட்டர் வாய்க்காலை மடை மாற்றாது. தான் எதைச் சிக்கல் என்று நினைத்தானோ அது சிக்கலே இல்லை என்று அவன் கண்டுபிடித்த இடம் அது. பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிமுகம் இல்லை. அவன் எதையும் வெல்லவில்லை, யாருக்கும் உதவிவிடவும் இல்லை. ஆனால் படித்து முடித்தபோது அவனைத் தெரிந்துவிட்டது.

கட்டுரையைப் பணம் கொடுத்துச் சீர்செய்வதா, தானாகவே எழுதவிடுவதா என்பது பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு. பெரியவர்கள் கை வைத்த கட்டுரையில் பதினேழு வயதின் குரல் போய்விடும். சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் எல்லா வாக்கியமும் ஒரே உயரத்தில் நிற்கும். அதோடு, செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன்னுடையதென்று கொடுப்பதைக் காமன் ஆப் தன் விதிகளில் மோசடியாகவே சேர்த்திருக்கிறது. நான் செய்வது கேள்வி கேட்பது மட்டும்தான்: அப்போது மாமா என்ன சொன்னார்? நீ என்ன செய்தாய்? அதற்கப்புறம்?

இங்கே நம் பிள்ளைகளின் மனதில் இருக்கும் ஒரு பயத்தைத் தொட்டாக வேண்டும். 'இன்னொரு இந்தியப் பையன்' என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். அது ஆதாரமில்லாத பயமும் அல்ல: ஹார்வர்டு வழக்கில் ஆசிய அமெரிக்கர்களுக்குத் தனிப்பண்பு மதிப்பீட்டில் சராசரியாகக் குறைந்த எண்கள் விழுந்திருந்தது வெளிவந்தது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை நிறுத்தியது. ஆனால் தன் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைக் கணக்கில் எடுக்கத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சில ஆலோசகர்கள் பரதநாட்டியத்தை மறை, கணிதப் போட்டியை மறை, தமிழ்ப் பள்ளியை மறை என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்த ஒன்றை மறைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த படகோட்டும் குழுவை முன்னால் வைத்தால் படிவத்தில் யாருமே இருக்க மாட்டார்கள். தமிழராக இருப்பதை மறைக்கவும் வேண்டாம், விளம்பரப் பலகையாகத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அதில் என்ன செய்தாய் என்று சொன்னால் போதும்.

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கணக்கு அல்ல

மேலே சொன்னது பெரும்பாலும் தனியார் கல்லூரிகளுக்கு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யு.சி.) வளாகங்களில் நிலைமை வேறு. யு.சி. எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை. பொதுவாகப் பரிந்துரைக் கடிதமும் கேட்பதில்லை. எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். பத்து, பதினொன்றாம் வகுப்புப் பாட கிரேடுகள்தான் அங்கே அடித்தளம். அதன் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யு.சி.எல்.ஏ.வுக்கு மட்டும் ஆண்டுக்கு 1,40,000 பேருக்கு மேல் புதுமுக மாணவர்களாக விண்ணப்பிக்கிறார்கள். பட்டியலில் யு.சி.க்கள்தான் அதிகம் என்றால் எஸ்.ஏ.டி. டியூஷன் பணம் வீண். அந்த நேரம் பள்ளிப் பாடத்துக்குப் போகட்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பெர்க்லி, இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் அந்தத் துறையின் கதவு பல்கலைக்கழகத்தின் கதவை விட மிகக் குறுகல். இல்லினாயில் கணினி அறிவியலோடு மொழியியலைச் சேர்த்துப் படிக்கும் பட்டம் இருக்கிறது. மொழி மீது உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அது அருமையான வழி. ஆர்வமே இல்லாமல், எளிதான வேறு துறையில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்று திட்டமிடுவது ஆபத்து; பல இடங்களில் அந்த மாற்றம் கிட்டத்தட்ட மூடிவிட்டது.

ஒரே பாடத்தில் உயிரை வைத்திருக்கும், வேறு எதிலும் நாட்டமில்லாத பிள்ளை இருந்தால் அவளை அமெரிக்கப் படிவத்துக்குள் அடைக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அவளுக்கு ஏற்றவை. கேம்பிரிட்ஜ் கணிதத்துக்கு 'ஸ்டெப்' தேர்வு, ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ஒரு கணிதத் தேர்வு, அவற்றோடு பாடத்தைப் பற்றியே நேர்காணல். ஃபுட் பேங்க்கும் அரங்கேற்றமும் அங்கே பேச்சே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரிய சுவர் பணம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின், பிரவுன் போன்ற சில இடங்கள்தான் வெளிநாட்டு மாணவர்களிடமும் பணத் தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. மற்ற பல இடங்களில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும்.

உங்கள் கையில் இல்லாதவையும் இருக்கின்றன. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவு எஸ்.ஏ.டி. வாங்கிய பிள்ளைகளில், வருமானத்தில் உச்சத்து 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை ஐவி லீகிலும் அதற்கு நிகரான இடங்களிலும் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். முன்னாள் மாணவர் வாரிசுச் சலுகை, விளையாட்டு வீரர் தேர்வு, வெளிச்செயல்பாடுகளுக்குக் கொடுக்கும் எடை ஆகிய மூன்றும் அதற்கு முக்கியக் காரணம். மார்ச் மாதத்தில் 'இல்லை' என்று பதில் வரும்போது இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அது அவன் குறையல்ல.

பரிந்துரைக் கடிதம்

கடைசியாக வைத்தாலும், கொடுக்கும் நேரத்துக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான தனியார் கல்லூரிகள் ஒன்றிரண்டு ஆசிரியர்களின் கடிதமும், பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரின் கடிதமும் கேட்கின்றன. அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர் சங்கம் ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் போதும் என்கிறது. நாட்டின் சராசரி அதைத் தாண்டி நிற்கிறது, அரசுப் பள்ளிகள் பலவற்றில் இன்னும் மோசம். உங்கள் மகளை அவருக்குப் பெயரளவில்கூடத் தெரியாமல் இருக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வேறு சிக்கல்: தலைமையாசிரியர் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி "ஒழுக்கமானவர், பணிவானவர், ஆசிரியர் சொல் தட்டாதவர்" என்று எழுதிக் கொடுப்பார். அது கெட்ட கடிதமாக யாருக்கும் தோன்றாது. ஆனால் படிப்பவருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சம்பவம்கூடத் தெரியாது.

பதினொன்றாம் வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியரை, மே மாதம் பள்ளி விடுமுறைக்கு முன் கேட்பது நல்லது. அதிக கிரேடு போட்டவரைவிட, பிள்ளை திணறி எழுந்ததைப் பார்த்தவரே நல்ல தேர்வு. கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கச் சொல்லுங்கள். விருதுப் பட்டியல் அதில் வேண்டாம், அது விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருக்கும். அந்த வகுப்பில் நடந்த இரண்டு மூன்று விஷயம் போதும்: டிசம்பரில் எடுத்த மோசமான மதிப்பெண், அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் வந்து கேட்ட கேள்வி, சோதனைக்கூடத்தில் விடை ஒத்துவராமல் மூன்று முறை செய்து கடைசியில் தராசுதான் தப்பு என்று கண்டுபிடித்தது. ஆசிரியருக்கு அதெல்லாம் நினைவு வந்தால் அவரே எழுதிக்கொள்வார். நவம்பர் 1 முன்கூட்டிய விண்ணப்பத்துக்கான கடைசி நாளாக இருக்கும் கல்லூரிகள் நிறைய, அதனால் செப்டம்பரில் ஒருமுறை பணிவாக நினைவூட்டச் சொல்லுங்கள். கடிதம் போனபின் முடிவு எதுவானாலும், பிள்ளை நேரில் போய் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரட்டும்.